புத்தகப் பெட்டி திறப்பு விழா

மர வாங்கில் உட்கார்ந்திருந்த சுஹறாவின் முகத்தை மறைக்கும் அளவுக்கு, திரும்பி வந்த புத்தகங்கள் மேசையில் குவிந்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். கடல் மணல் கொட்டியது. ஒரு பஸ் டிக்கட் விழுந்தது. கிழிந்த தாளைக் கோதுமைமாப் பசையால் ஒட்டி, தட்டிலிருந்து அதற்குரிய அட்டையைத் தேடிச் செருகி, பிரம்புக் கூடையில் அடுக்கினாள். கூடை நிறைந்ததும் இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். பன்னிரண்டு வருடமாக அந்த நூலகத்தில் அவளுடைய வேலை அதுதான். பெயர் மட்டும் இன்னும் நாள்கூலிக்காரர் பதிவில் இருந்தது.

உள்ளறை வாசலில் அவள் கூடையை இறக்கிவிட்டு, நிமிர முடியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நூலகர் றஸாக் எத்தனையோ தரம் பார்த்துவிட்டான். அவளைவிடப் பத்து வயது இளையவன். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நூலகத்தை நடத்தும் பிரதேச சபைக்குக் கடிதம் எழுதினான். கொழும்புக்குப் பயிற்சிக்குப் போனபோது பார்த்த ஏற்பாட்டைப் படமாகவும் கீறி அனுப்பினான். தெருப்பக்கச் சுவரில் ஒரு துவாரம். அதில் போடும் புத்தகம் தகரச் சறுக்கில் வழுக்கி, சில்லுப் பூட்டிய பெட்டிக்குள் விழும். விழுந்ததும் மணி அடிக்கும். பாரம் ஏற ஏறப் பெட்டியின் அடித்தட்டு ஸ்பிரிங்கில் தானாகத் தாழும்.

"இனிக் கூடை தூக்கத் தேவையில்ல ராத்தா. தள்ளிக்கிட்டுப் போனாச் சரி."

"அல்லாஹ் உங்களுக்கு நல்லதத் தருவான் தம்பி."

கல்முனைப் பட்டறை ஒன்றில் செய்த பெட்டி லொறியில் வந்து இறங்கியது. அதே வாரம் சபையிலிருந்து கடிதமும் வந்தது. நூலகரின் கடிதத்துக்கு அமைய, புத்தகம் மீளப்பெறும் வேலை தன்னியக்கமாவதால், நாள்கூலி ஊழியர் சுஹறாவின் சேவை மாத முடிவோடு நிறுத்தப்படுகிறது.

றஸாக் சைக்கிளை எடுத்துக்கொண்டு சபைக்கு ஓடினான். செயலாளர் சீனிமுகம்மது கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நீங்கதானே எழுதின?"

"கூடை வேணாம் எண்டுதான் சேர் எழுதின. ஆள் வேணாம் எண்டு எழுதல்ல. கிழிஞ்சத ஒட்ட, அட்டை போட ஆள் வேணுமே."

"அத நீங்க பாருங்க."

கடிதத்தைச் சுஹறா தானே எழுத்துக் கூட்டி வாசித்தாள். இரண்டாம் முறையும் வாசித்தாள்.

"தம்பி, நீங்க எழுதினதில என்ட பேர் இருந்ததா?"

"இல்ல ராத்தா. இடுப்பு நோவெண்டு எழுதினா, ஏலாதவ எண்டு நிப்பாட்டிருவாங்களோ எண்டு பயந்தன்."

அவள் கடிதத்தை மடித்தாள். "மில்லில நெல்லுக் காயப்போட ஆள் எடுக்காங்களாம். கேட்டுப் பார்ப்பம்," என்றாள். அங்கே சாக்கு தூக்க வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும்.

மாதக் கடைசி நாளில் திறப்பு விழா வைத்தார்கள். காலையில் செயலாளர் ஒரு புத்தகத்தைப் போட்டுப் பார்த்தார். உப்புக்காற்றில் தகரச் சறுக்கு சில நாளிலேயே துருப்பிடித்துச் சொரசொரத்துப் போயிருந்தது. புத்தகம் பாதி வழியில் நின்றுவிட்டது.

"சேர்மன் போடக்குள்ள இப்பிடி நிண்டா மானம் போயிரும். உள்ளுக்க ஒராள் நிண்டு இழுக்கட்டும்."

"நான் நிக்கிறன் சேர்."

"நீங்க வெளியில நிண்டு புத்தகம் எடுத்துக் குடுக்கோணும்."

அவர்கள் பேசி முடிப்பதற்குள் சுஹறா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தெருவில் கூட்டம் கூடியது. மாலை போட்டார்கள். "இனி மனிசக் கை படாமலே எல்லாம் நடக்கும்," என்று சபைத் தலைவர் பேசி முடித்து, முதல் புத்தகத்தைத் துவாரத்தில் போட்டார். பக்கத்தில் நின்ற றஸாக்குக்கு உள்ளே தெரிந்தது. இருட்டுக்குள்ளிருந்து இரண்டு கைகள் நீண்டு, புத்தகத்தைச் சத்தமில்லாமல் பிடித்து இழுத்தன. பிறகு ஒரு விரல் மணியைத் தட்டியது.

எல்லாரும் கைதட்டினார்கள். தலைவர் சிரித்தபடி இன்னொரு புத்தகத்துக்குக் கையை நீட்டினார். றஸாக் எடுத்துக் கொடுத்தான்.