சீட்டுக்கு அடியில் மஞ்சள் பிளக்

அவனேதான், ரிப்பேருக்கு வந்த வண்டியின் ஜாப் கார்டில் பெயரைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது, சவுரிராயன் என்று இந்த ஜில்லாவில் பத்துப் பேர் இருக்கட்டும், தொண்டையைச் செருமிவிட்டு "இன்னாம்மா" என்று இழுக்கிறவன் ஒருவன்தான்... இப்போது அவனுடைய காரை மெக்கானிக் இளவரசி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவன் இடப்பக்க சீட்டில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருக்கிறான், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை போய்த் திரும்ப வேண்டும், நீள ஓட்டத்தில் எப்போதாவதுதான் ஏர்பேக் விளக்கு எரிகிறதாம். சர்வீஸ் சென்டரில் இரண்டு முறை அவள் முகத்தைப் பார்த்தான், தலையில் தொப்பி, சளிக்காகப் போட்ட முகக்கவசம், இருந்தாலும் கண் தெரியாதா, பேசினால் குரல் தெரியாதா, நான்கு வருடம் முன்பு இதே கண்ணைப் பார்த்துத்தானே கையை நீட்டினான்? விளக்கு ஏன் எரிகிறது என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அவன் உட்கார்ந்திருக்கும் சீட்டுக்கு அடியில் ஏர்பேக்குக்குப் போகிற மஞ்சள் பிளக் பாதி கழன்று தொங்குகிறது. கிளம்பும் முன்பே கையை விட்டுத் தொட்டுப் பார்த்தாள், அழுத்தவில்லை. விளக்கை மட்டும் மிஷின் போட்டு அணைத்தாள், கையை எடுத்துவிட்டாள். போகட்டும். விளக்கு திரும்ப எரிய நாலைந்து நாள் ஆகலாம், அதற்குள் எங்கேயாவது மோதினால் மோதட்டும்...

"பாத்தியாம்மா, சின்ன வண்டிக்கு வரியக் கொறச்சிட்டான், இப்ப ஆளாளுக்கு கார் வாங்குறான்" என்றான் பேப்பரைத் தட்டி. "பெட்ரோல்ல எத்தனால ஊத்தி இஞ்சின காலி பண்றான் ஒரு பக்கம். இனிமே எல்லாம் கரண்ட்டு வண்டிதான். ஆனா தரம் இல்ல. வேல செய்யுற பசங்களுக்குப் பொறுப்பு இல்ல, பொட்டப் புள்ளைங்க இன்னும் மோசம், செல்ல நோண்டிக்கினு..." விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசை மெல்ல நகர்ந்தது, ஸ்டீயரிங்கை இறுக்கிய விரல்கள் அவளுக்கே வலித்தன. பொறுப்பா? புஷ், கிளிக், புல்... செருகு, சத்தம் கேள், இழுத்துப் பார், காருக்கு வயர் கட்டுகிற அந்தக் கம்பெனியில் முதல் நாள் கற்றுக்கொடுத்த பாடம் அது, சுவரெல்லாம் எழுதியிருந்தது. எண்ணிக்கை ஏறவில்லை என்று அந்த மூன்றாவதை வெட்டியவன் யார்? சூப்பர்வைசராக லைனுக்குப் பின்னால் நின்றுகொண்டு "கிளிக் கேட்டாப் போதும், அனுப்பு, ஜல்தி, அனுப்பு" என்று கத்தியவன் யார்? கழன்ற பிளக்குகள் புகாராகத் திரும்பி வந்தபோது, வெள்ளைச் சட்டை அதிகாரிகள் வரிசையாக நிற்க, "இந்தப் பொண்ணுதான் சார், எத்தன வாட்டி சொல்லியும் இழுத்துப் பாக்காது" என்று அவள் பக்கம் கை நீட்டியவன் யார்? ஒரு வாரம் நோட்டீஸ் போர்டில் அவள் போட்டோ. பிறகு ஒரு சாயங்காலம் கம்பெனி பஸ் அவள் தினமும் ஏறி இறங்குகிற கூட்டேரிப்பட்டில் இறக்கிவிட்டது, நாளைக்கு ஏறாதம்மா என்று டிரைவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். அப்பா இன்றுவரை அவன் சொன்னதைத்தான் நம்புகிறார், அதுதான் ஆறவில்லை... மல்லாட்டைக் கொல்லை மோட்டார் கொட்டகையைப் பூட்டிவிட்டு வந்தால்கூட "இழுத்துப் பாத்தியா?" என்று கேட்கிறார், வேண்டுமென்று கேட்பதில்லை, பழகிப்போய்க் கேட்கிறார்.

மோதட்டும், நன்றாக மோதட்டும், ஸ்டீயரிங் நெஞ்சில் இடிக்கட்டும்... ஆனால் ஸ்டீயரிங் இருப்பது இந்தப் பக்கமல்லவா? இவன் ஓட்டுவது வலப்பக்கம், அங்கே பிளக் சரியாகத்தான் இருக்கிறது. "லைட்டப் பாத்தா என் வீட்டுக்காரி பேஜாராவுறா" என்றான், அவள் நினைத்தது காதில் விழுந்ததுபோல. "இந்த சீட்டுலதான் உக்காருவா. கோட்டக்குப்பத்துல அவ தங்கச்சி வீடு, வாராவாரம் போவணும். அணைச்சிட்ட இல்ல? அது போதும்." அது போதும்! கிளிக் கேட்டாப் போதும், அனுப்பு... அடச்சீ, நானும் அதைத்தானே செய்தேன், விளக்கை அணைத்து அனுப்பப் பார்த்தேன், இவன் சொல்லிக்கொடுத்த வேலையை இவனுக்கே எவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறேன். முகம் சுட்டது. வெறுப்பு குறையவில்லை, இன்னும் கூடியது, என்னையும் அவனாக்கிவிட்டானே என்று கூடியது. கூட்டேரிப்பட்டு கடைகள் வந்ததும் ஓரமாக நிறுத்தினாள், பானெட்டைத் திறந்து பேட்டரி வயரைக் கழற்றினாள்.

"இன்னாம்மா ஆச்சு?"

"பிளக் கழண்டிருக்கு சார். விளக்க அணைச்சா பத்தாது. எறங்குங்க, கரண்ட் முழுசா எறங்கணும், கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் தொடணும்."

அந்தக் கொஞ்ச நேரத்தில் டீக்கடைக்காரர் பார்த்தார், மயிலம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். "என் கை உள்ள போவல, நீங்களே போட்டுடுங்க சார்" என்றாள், பொய், அவள் கை எங்கேயும் போகும். சவுரிராயன் முனகிக்கொண்டே தார் ரோட்டோரம் மண்டியிட்டான், கன்னத்தை சீட்டில் அழுத்தி அடியில் துழாவினான், பின்கழுத்தில் வியர்வை வழிந்தது. இதற்காகத்தானா, இதைப் பார்க்கத்தானா நாலு வருடம்? நன்றாகத்தான் இருந்தது.

"செருகுங்க. கிளிக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"இழுத்துப் பாருங்க."

கை அசையாமல் நின்றது. "இழுத்துப் பாருங்க சார்" என்றாள் மறுபடி, முகக்கவசத்தைக் கீழே இறக்கினாள். அவன் தலையைத் திருப்பி மண்டியிட்டபடியே பார்த்தான், உதடு கோணியது. வரட்டும், எல்லாம் தயாராக இருந்தது, குளிக்கும்போதும் பஸ்ஸிலும் ஒத்திகை பார்த்த அத்தனை வார்த்தையும் நாக்கில் வந்து நின்றன.

"வேணிதானே நீ?" என்றான். "நெனச்சேன்... கொரலக் கேட்டப்பவே மனசுல ஒரு மாதிரி இருந்துச்சு. அந்தப் புகாருக்கு உன் டோக்கன் நம்பர எழுதிக் குடுத்தது தப்புதாம்மா. அன்னிக்கி நீ அழுதது இன்னும் கண்ணுலயே இருக்கு."

அவள் அழவில்லையே. அன்றைக்கு ஒரு சொட்டுக்கூட விடவில்லை, கழிப்பறையில்கூட அழவில்லை, அப்படியானால் இவன் கண்ணில் இருப்பது யார்? வேணி... எந்த லைன், எந்த வருடம், தனக்கு முன்பா பின்பா? "நான் வேணி இல்ல சார்" என்றது அவள் வாய். அவன் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தான், முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்ட மறந்து நின்றான். "அப்ப நீ யாரும்மா?"

பெயரைச் சொல்லிவிடலாம், சொன்னாலும் நெற்றியைச் சுருக்கி யோசிப்பான், இன்னும் எத்தனை பேர் போட்டோவை அந்த போர்டில் ஒட்டினானோ, யாரைத் தேடி எடுப்பான்... இத்தனை நாள் அந்த போர்டில் தன் முகம் ஒன்றுதான் இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள். பேட்டரி வயரை மாட்டினாள், வண்டியைக் கிளப்பினாள், விளக்கு ஒருமுறை எரிந்து தானாக அணைந்தது. அவன் ஏறி உட்கார்ந்தான், பேப்பரைத் தொடவில்லை.

"வேணிக்கு எந்த ஊரு சார்?" என்று கேட்டாள்.

"அது தெரியலியேம்மா" என்றான் சவுரிராயன், முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணை அப்போதுதான் தட்ட ஆரம்பித்தான்.