தாத்தாவின் அக்காவுக்கு ஒரு மேடு

பாலைவனக் கடலோர ஊரான ஸ்வகோப்முண்டில் காற்றுக்கு வேறு வேலையே கிடையாது. இடுகாட்டுச் சுவருக்குப் பின்னால் ஹெரேரோ ஜனங்கள் வருஷா வருஷம் வந்து மணலைக் குவித்துவிட்டுப் போவார்கள். அடுத்த வருஷத்துக்குள் காற்று பாதியைத் தின்றுவிடும். நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மானியர் முகாமில் செத்த அவர்கள் ஆட்களுக்குக் கல்லுமில்லை, பெயருமில்லை. இந்த மேடுகள்தான்.

இனாவிக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. இந்த வருஷத்தோடு சரி என்று சொல்லித்தான் மண்வெட்டியோடு வந்திருந்தாள். சுவரோரம் இருக்கும் மேடு அவளுடையது. முகாம் கைதியாகத் துறைமுகத்தில் வண்டி இழுத்தே செத்துப்போன தாத்தாவின் அக்கா அதில்தான் படுத்திருக்கிறாள் என்று முதல் வருஷமே முடிவு செய்துவிட்டாள். கடைசியாக ஒருமுறை நன்றாகக் குவித்து, அவளிடம் சொல்லிக்கொண்டு போக வேண்டும்.

அந்த மேட்டின் முன்னால் யாரோ ஒருத்தி மண்டியிட்டிருந்தாள். மாட்டுக் கொம்பு மாதிரி இருபுறமும் நீட்டிக் கட்டிய தலைத்துணி, புதுசு. இறந்தவர்கள் முன்னால் சொல்லும் வழக்கப்படி தன் அப்பன் பெயர், வம்சம் எல்லாம் சொல்லி, வேறு ஏதோ பெயரால் இறந்தவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இனாவி மண்வெட்டியைத் தரையில் தட்டினாள்.

"தங்கச்சி, அது எங்க ஆளு."

அவள் திரும்பினாள். போட்ஸ்வானாவிலிருந்து வந்தவளாம், பெயர் கசேரா. அந்தக் காலத்தில் ஜெர்மானியருக்குத் தப்பிப் பாலைவனம் தாண்டிப் போனவர்களின் வழிவந்தவள்.

"எப்படிக்கா தெரியும்? எழுதியா வச்சிருக்கு?"

"எழுதணுமா? இத்தன வருஷமா குனிஞ்சு குனிஞ்சு அள்ளிப் போட்டது நான். மத்ததெல்லாம் பாரு, முழங்கால் உயரம்கூட இல்ல. இது ஏன் இவ்வளவு ஒசரம்? நம்பலன்னா இங்க பாரு." இனாவி மண்வெட்டியால் பக்கத்தைக் காட்டினாள். "நான் மண்ணு எடுத்த பள்ளம். இதைவிட என்ன சாட்சி வேணும் உனக்கு?"

கசேரா பள்ளத்தைப் பார்த்தாள். பிறகு வரிசையைப் பார்த்தாள். மேடு, மேடு, மேடு, பள்ளம், அப்புறம் மறுபடி மேடு.

"அக்கா," என்றாள் மெதுவாக, "இந்தப் பள்ளத்துல யாரு இருந்தாங்க?"

வரிசை இனாவிக்கும் இப்போதுதான் தெரிந்தது. வருஷா வருஷம் அவள் நின்ற இடம், மிதித்த இடம், அள்ளிய இடம். அங்கே ஒரு மேடு இருந்திருக்க வேண்டும். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்காளுக்குப் போட்டேன்னு நெனச்சேன்," என்றாள். "யாரையோ தோண்டிக்கிட்டே இருந்திருக்கேன்."

"உங்களுக்கு முன்னாடியே காத்து வழிச்சிருக்கும்க்கா."

"காத்து மேல பழி போடாத. மண்வெட்டி என் கையில இருக்கு."

கசேரா மேட்டின் உச்சியிலிருந்து மணலைக் கைகளால் பள்ளத்துக்குத் தள்ள ஆரம்பித்தாள். மண்வெட்டியை ஊன்றி இனாவியும் எழுந்து கூடச் சேர்ந்துகொண்டாள். முட்டி கெஞ்சியது. உயரமான மேடு இறங்க இறங்க, பள்ளம் ஏறியது. கடைசியில் இரண்டும் மற்றவற்றைப் போலவே சின்னதாக நின்றன.

"இப்ப சொல்லு, இதுல எது எங்க ஆளு?" என்றாள் இனாவி.

"தெரியலக்கா."

இனாவி பள்ளமிருந்த இடத்துப் புது மேட்டின் முன்னால் மண்டியிட்டாள். தாத்தாவின் அக்கா பெயரைச் சொல்லவில்லை. தன் பெயரைச் சொன்னாள், யார் மகள் என்று சொன்னாள், ஒரு கல்லை எடுத்து வைத்தாள்.

"அடுத்த வருஷமும் வரேன்," என்றாள். "மண்ணை வேற எங்கேருந்தாவது கொண்டுவரேன்."