கால் பெட்டி சிமிட்டி

ஆவடியில் பட்டாளத்துக்குக் கிடங்கு கட்டிய யுத்த வருஷங்களில், நெமிலிச்சேரியிலிருந்து கலவை வேலைக்குப் போனவர்களுக்கு ஆறே மாதத்தில் ஐந்தாறு இங்கிலீஷ் வார்த்தைகள் வந்துவிட்டன. எல்லாம் தண்ணீரால் வந்தவை. கலவைப் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு துரை புல் என்றால் தகரம் நிறைய ஊற்ற வேண்டும். ஆப் என்றால் பாதி. கோட்டர் என்றால் கால், த்ரீகோட்டர் என்றால் முக்கால். லிட்டில் என்றால் கையால் அள்ளித் தெளித்தால் போதும். மாற்றி ஊற்றியவர்கள் அன்று பூராவும் வசவு கேட்க வேண்டும். அதனால் நாகவல்லிக்கு அந்த வார்த்தைகள் வீட்டுப் படி, உழக்கு மாதிரி பழகிப்போயிருந்தன.

அவள் வேலை சிமிட்டி சுமப்பது. கொட்டகையில் பெட்டியை நிரப்பிக் கொடுப்பார்கள். தலையில் ஏற்றி வந்து பலகையில் கவிழ்க்க வேண்டும். ஒரு பெட்டி சிமிட்டிக்கு இரண்டு பெட்டி மணல், நாலு பெட்டி ஜல்லி. மணலுக்கும் ஜல்லிக்கும் பெட்டி வேறு, அளவு ஒன்றுதான். எண்ணிக்கை பிசகாமல் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி அவள் அண்ணன் வேம்புலி.

மூன்றாம் கிடங்கின் மேல்தளம், அடியில் கொடுத்த முட்டுகளைப் பிரித்த அன்றைக்கே குறுக்காக விரிசல் விட்டது. துரை சுத்தியலால் ஓரத்தைத் தட்டினார். பொலபொலவென்று உதிர்ந்தது. சிமிட்டி போதவில்லை. காண்ட்ராக்டரின் ஓவர்சீயர் ஜானகிராமன் தயங்காமல் வேம்புலியைக் கைகாட்டினான். பத்துப் பெட்டி போடவேண்டிய இடத்தில் ஏழெட்டுப் போட்டுவிட்டு மீதியை வெளியே விற்கிறான் என்றான். யுத்த காலத்தில் சிமிட்டித் திருட்டு லேசான குற்றமில்லை. சாயங்காலம் பட்டாளத்துப் போலீஸ் லாரி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போகும் என்று முடிவாயிற்று. தண்ணீர்த் தொட்டியடியில் கையைக் கட்டி உட்கார வைத்தார்கள்.

என்ன நடந்தது என்று நாகவல்லிக்குத் தெரியும். மூன்றாம் கிடங்குக்குத் தளம் போட ஆரம்பித்த வாரம்தான் சிமிட்டிக்குப் புதுப்பெட்டி வந்தது. பார்க்கப் பழைய பெட்டி மாதிரியே இருக்கும். தலையில் வைத்தால் அந்தப் பாரம் இல்லை. ஒட்டியதைச் சுரண்ட உள்ளே கை விட்டால் முன்னைப்போல் ஆழம் போகாது.

தொட்டியடிக்குப் போய் அண்ணனிடம் சொன்னாள்.

"ரெண்டு வாரமா தூக்கிகினு கீறே. இப்பத்தான் தெரிஞ்சிதா உனுக்கு?" என்றான் வேம்புலி.

"அப்பவே தெரியும் அண்ணாத்தே. கழுத்து நோவல. கம்முனு இருந்துட்டேன்."

அவன் அவளை அடிக்கவில்லை. கை கட்டியிருந்தது ஒரு காரணம்.

நாகவல்லி கொட்டகைக்குப் போய்க் காலிப் பெட்டியைத் தூக்கிவந்து துரையின் பூட்ஸுக்கு முன்னால் வைத்தாள். நாலு விரலைச் சேர்த்துப் பிடித்து வெளிப்பக்கம் அடியிலிருந்து மேலே அளந்தாள். நாலு பிடி. உள்ளே கைவிட்டு அளந்தாள். மூன்று பிடிதான். பிறகு ஜானகிராமனிடம் திரும்பி, கால் பங்கு கம்மியாகிறது, துரையிடம் சொல்லுங்கள் சாமி என்று கேட்டுக்கொண்டாள்.

ஜானகிராமன் இங்கிலீஷில் நீளமாகச் சொன்னான். சிரித்துக்கொண்டே சொன்னான். அதில் ஒரே ஒரு வார்த்தை அவளுக்குப் பிடிபட்டது. லிட்டில். துரை தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தார்.

லிட்டில் என்றால் கையால் தெளிக்கிற தண்ணீர். அதற்காகவா தளம் விரியும்?

"லிட்டில் இல்லே தொரே," என்றாள் நாகவல்லி. சத்தம் போடவில்லை. "கோட்டர். பொட்டிக்குப் பொட்டி கோட்டர்."

துரை நின்றார். வாயை மூடச் சொல்லி ஜானகிராமன் பல்லைக் கடித்தான். அவள் நாலு விரலை உயர்த்தி, ஒன்றை மடக்கிக் காட்டினாள்.

துரை பையிலிருந்து அடிக்கோலை எடுத்தார். வெளியே பன்னிரண்டு அங்குலம். உள்ளே ஒன்பது. பெட்டியைக் கவிழ்த்து பூட்ஸ் காலால் இரண்டு உதை விட்டார். அடிப்பலகை பெயர்ந்தது. உள்ளே வெற்றிடம், அதற்கப்பால் இன்னொரு பலகை.

"கோட்டர்," என்றார் துரை.

"கோட்டர்," என்றாள் அவளும்.

லாரி சொன்னபடி வந்தது. யாரையும் ஏற்றாமல் போனது. காண்ட்ராக்டர் காரில் வந்து துரையின் கூடாரத்தில் ஒரு மணி நேரம் பேசினார். வேம்புலியின் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். ஜானகிராமனும் வேலையில் இருந்தான். அவனுக்கு மேலே இருந்தவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. தளத்தை உடைத்துவிட்டு மறுபடி போடவேண்டும் என்று உத்தரவாயிற்று. உடைக்கிற வேலையும் வேம்புலியின் ஆட்களுக்கே. இருந்ததிலேயே கனமான சம்மட்டியைப் பொறுக்கி நாகவல்லியிடம் கொடுத்தான் ஜானகிராமன்.

மறுநாள் பொழுது சாயும்போது துரை வந்து, எவ்வளவு ஆயிற்று என்று கையால் கேட்டார். ஜானகிராமன் அவள் பின்னால் வந்து நின்றான்.

"ஆப்னு சொல்லு. நம்ம எல்லாருக்கும் நல்லது."

நாகவல்லி தளத்தைப் பார்த்தாள். பாதி ஆகியிருக்கவில்லை. ஆப் என்று சொன்னால் நாளைக்கே மிச்சத்தையும் முடிக்கச் சொல்வார்கள். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது.

"கோட்டர், தொரே," என்றாள்.