பதினாறு சக்கர லோரி

லூனாஸ் டவுனுக்குப் பின்னால், செம்பனைத் தோட்டத்துக்குப் போகிற வழியில் புதுப் பாலம் கட்டி முடித்து மாதக்கணக்கில் ஆகியும் இரண்டு முனையிலும் சிவப்புத் தடுப்பு நின்றது. காரணம் ஒரு லோரி. அந்த லோரி உலகத்திலேயே கிடையாது.

இதை யோகேஸ்வரி சொல்லாத ஆளில்லை. பாலத்தின் கணக்கைப் போட்டவளே அவள்தான். அந்தத் தோட்டத்து வீடுகளிலிருந்து பட்டம் வாங்கி வெளியே வந்த முதல் ஆள். நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கணக்குப் போடுகிறவர்கள் ஒரு லோரியை மனதில் கட்டிக்கொள்வார்கள். நாலு அச்சு, பதினாறு சக்கரம், நூற்று எண்பது டன். அந்த ராட்சசனைக் கணினியில் பாலத்தின் மேல் அடி அடியாக நகர்த்தி, எங்கே நின்றால் உத்திரம் அதிகமாக வளைகிறது, எங்கே நின்றால் தூணோரம் திணறுகிறது என்று பார்ப்பார்கள். அதற்கே தாங்கினால் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரியெல்லாம் கொசு.

'பதினாறு சக்கர லோரியை ஓட்டிப் பார்த்ததில் உத்திரங்கள் தாங்கின' என்று அறிக்கையில் எழுதினாள். அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் பாலத்தைத் திறக்க அனுமதி தருகிற நாற்காலியில் பசுபதி உட்கார்ந்திருந்தார்.

"லோரி நம்பர் என்னம்மா?"

"நம்பர் இல்ல சார். அது கணக்குல மட்டும்தான் இருக்கு."

"ரோட் டேக்ஸ்?"

"லோரியே இல்லங்கிறேன், ரோட் டேக்ஸ் கேக்குறீங்க?"

"இல்லாத லோரிய ஓட்டினேன்னு எழுதிக் கையெழுத்து வேற போட்டிருக்கீங்க." பசுபதி உண்மையாகவே வருந்தினார். "அதுவும் இன்னும் திறக்காத பாலத்துல. நான் நல்லவன், அதான் சம்மன் போடல."

"சரி சார், குலை ஏத்துன லோரி நாலு கொண்டாந்து நிறுத்துறேன். எவ்ளோ வளையுதுன்னு அளந்து பாருங்க."

"அது வேற லோரிலா. அறிக்கையில இருக்கிறது இந்த லோரி."

யோகேஸ்வரிக்கு மேசையைக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. "வாரம் மூணு நாள் எங்கம்மா லூனாஸுக்கு டயாலிசிஸ் போறாங்க சார். பாலம் இருந்தா பத்து நிமிஷம். இப்ப காட்டுக்குள்ள மண் ரோட்டுல குலுங்கிக் குலுங்கி ஒரு மணி நேரம். திரும்பி வரும்போது வேன்லயே வாந்தி எடுக்கிறாங்க."

"கஷ்டம்தான். லோரியக் கொண்டாங்க. வியாழக்கிழமை நானே வர்றேன்."

செய்தி அவளுக்கு முன்னால் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கோயில் தலைவர் குணாளன் வாசலிலேயே மறித்தார். அவரிடம் மூன்று குலை லோரிகள் உண்டு. வண்டி என்றால் உயிர்.

"பதினாறு சக்கரமாமே! புது வண்டியா தங்கச்சி?"

"அண்ணே, வண்டியே இல்லண்ணே."

"அது வர்றப்ப வரட்டும். பூசை போடாம எப்படிப் பாலத்துல ஏத்துறது? சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைக்கணும். எங்கெங்க வைக்கிறதுன்னு மட்டும் காட்டிரு."

கோபம் தலைக்கேறினால் யோகேஸ்வரி வேலையைச் சுத்தமாகச் செய்வாள். சுண்ணாம்புக் கட்டியை வாங்கிக்கொண்டு பாலத்துக்குப் போனாள். உத்திரம் அதிகமாக வளைகிற இடத்தில், நாடா பிடித்து அளந்து, பதினாறு பெருக்கல் குறி போட்டுவிட்டு, "வச்சுக்குங்க, நல்லா வச்சுக்குங்க" என்று கட்டியை ஆற்றில் எறிந்தாள்.

வியாழக்கிழமை காலை பாலத்தில் தோட்டமே நின்றது. பழங்கள் வைத்தாயிற்று, தேங்காய் உடைத்தாயிற்று. லோரி வரவில்லை. "நல்ல நேரம் போவுதுலா" என்று குணாளன் கடிகாரத்தைத் தட்டினார். பழம் நசுங்காமல் பூசை முடியாது. ஆகவே பழத்துக்கு ஒருவராகப் பதினாறு பேர் செருப்பைக் கழற்றி நின்று, அவர் கையைக் காட்டியதும் ஒரே நேரத்தில் மிதித்தார்கள்.

பசுபதி வந்தபோது சாறு காயவில்லை. குனிந்து ஒவ்வொரு பழமாகப் பார்த்தார். நாடாவை எடுத்து இடைவெளிகளை அளந்து அறிக்கையோடு ஒப்பிட்டார். முகம் மலர்ந்தது.

"எல்லாம் சரியா இருக்கு! லோரி எங்க?"

"வரல சார், வராது" என்று யோகேஸ்வரி சொன்னதும், "இப்பதான் போச்சு சார்" என்று குணாளன் சொன்னதும் ஒன்றாகவே கேட்டன. தோட்டத்துச் சனம் மொத்தமும் லூனாஸ் பக்கம் கையை நீட்டியது.

பசுபதி யோசித்தார். "போயிருக்கு, சரி. இது போக வர உள்ள பாலமாச்சே. திரும்பி வந்தாத்தானே நான் லூலூஸ்னு அனுமதி முத்திரை போட முடியும்?"

தோட்டத்துப் பக்கத் தடுப்பில் அவள் தம்பி ஜீவனின் வேன் நின்றது. உள்ளே அம்மா சண்முகவள்ளி, முகமும் காலும் வீங்கி, கண்ணாடியில் தலையைச் சாய்த்திருந்தாள். பத்து மணிக்கு மெஷினில் இருக்க வேண்டும்; மண் ரோட்டில் சுற்றிப் போக இனி நேரமில்லை.

"இன்னுமா பாப்பா?" என்றாள் அம்மா.

யோகேஸ்வரி விறுவிறுவென்று பாலத்தின் லூனாஸ் முனைக்கு நடந்தாள். அங்கே காலை உயரத் தூக்கி மூன்று படி ஏறினாள். கதவை அறைந்து சாத்தினாள். இரண்டு கையாலும் பெரிய ஸ்டியரிங்கைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு உறுமினாள். லோரி கிளம்பியது.

குணாளன் ஒரு நொடிகூடத் திகைக்கவில்லை. முன்னால் ஓடிப் பின்பக்கமாக நடந்தபடி கையை ஆட்டினார். "வா, வா, வா! லெஃப்ட்டுல ஒடி! ஏய், தாண்டிட்ட! கோஸ்தான், கோஸ்தான்!" யோகேஸ்வரி பின்னால் எடுத்து, நேராக்கி, மறுபடி முன்னால் வந்தாள். பசுபதி கைப்பிடிச் சுவரில் வயிறு பதியக் குனிந்து உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோம்மா வளையுது?"

"பதினாலு மில்லிமீட்டர்!" என்று கத்தினாள். அது பொய்யில்லை. நூற்று எண்பது டன்னுக்கு அவ்வளவுதான் வளையும்.

"அறிக்கையிலயும் அதேதான்" என்று பசுபதி அங்கேயே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். யோகேஸ்வரி லோரியைத் தோட்டத்து முனையில் பாலத்தை விட்டு இறக்கி நிறுத்தினாள்.

தடுப்புகளை இழுத்தார்கள். ஜீவன் வேனை நேராகப் பாலத்தின் வாயை நோக்கி விட்டான். பசுபதி இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே பாய்ந்தார்.

"தம்பி, தம்பி! லோரி நிக்குது!"

ஜீவன் பிரேக்கை மிதித்துவிட்டு வெற்றுச் சாலையைப் பார்த்தான். பிறகு அக்காளைப் பார்த்தான். லோரியே இல்லை என்று சொல்ல யோகேஸ்வரியிடம் நாலு வருசப் படிப்பு இருந்தது. வேனுக்குள் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"கண்ணு தெரியலையாடா ஒனக்கு?" என்று யோகேஸ்வரி கத்தினாள். "வலது பக்கம் ஒடிச்சுப் போடா!"

வேன் புல்லில் இரண்டு சக்கரத்தை இறக்கி, ஒன்றுமில்லாததை உரசாமல் சுற்றிக்கொண்டு பாலத்தில் ஏறியது. ஏறியதும் அக்கரை. வளைவில் திரும்பி மறைகிறவரை யோகேஸ்வரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நேரம் இங்க நிறுத்தக் கூடாதும்மா" என்றார் பசுபதி. "வழிய மறைக்குது."

அவள் சட்டைப் பையில் கையை விட்டு, எடுத்து, அவருடைய உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "இந்தாங்க சார் சாவி. நீங்களே எடுத்து ஓரமா போடுங்க."

அவர் விரல்களைப் பத்திரமாக மூடிக்கொண்டார். அவள் பாலத்தில் பாதி தூரம் நடந்த பிறகுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அம்மா, யோகேஸ்வரி! எங்கிட்ட லோரி லைசென்ஸ் இல்லையேம்மா!"