இடக்கைப் பால்

அறுபத்திரண்டு தாள்களில் முப்பத்தொன்றில் ஒரே தவறான பதில் இருந்தது. ஏன் என்று சக்கரபாணிக்குப் பிடிபடவில்லை.

அது 1958. திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில், வெளிநாடுகள் அனுப்பும் பால்பவுடரைப் பற்றிப் படம் காட்டியிருந்தார்கள். மக்களுக்கு என்ன புரிந்தது என்று கேட்டு எழுத, விழுப்புரம் அலுவலகம் அவரை அனுப்பியிருந்தது. 'படத்தில் வெள்ளைக்காரத் தாய் என்ன செய்தாள்?' என்று கேட்டதற்கு ஊர்த்தெருவில் எல்லோரும், "பாலைக் கரைச்சு ஊட்டினா" என்றார்கள். சேரியில் எல்லோரும், "பீச்சாங்கையால ஊட்டினா" என்றார்கள். கால் கழுவுகிற கை. அந்த அருவருப்பில் சேரிப் பெண்களில் ஒருத்தியும் பால் வாங்க வரவில்லை. மாதக் கடைசிக்குள் வாங்காவிட்டால் சேரியின் பங்கு நின்றுவிடும்.

சேரியில் அம்மணியின் இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை. கால்கள் சுள்ளி போல.

"அவ சோத்துக்கையாலதாம்மா ஊட்டினா. நான் நாலு தரம் பாத்திருக்கேன்" என்றார் சக்கரபாணி.

"நானும் கண்ணாலதான் பாத்தேன் சாமி. ரெண்டும் நல்லாத்தான் கீது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

படம் ஓட்டும் ராயப்பன் வேனைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "சார், அவங்க எந்தப் பக்கம் உக்காந்து பாத்தாங்கன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. தாளில் அந்தக் கேள்வியே இல்லை.

கோயில் மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டுவார்கள். முன்னால் ஊரார். துணிக்குப் பின்னால் வாய்க்கால். அதற்கும் அப்பால் சேரியார். மெல்லிய துணியை வெளிச்சம் ஊடுருவும், அதனால் பின்னாலும் படம் தெரியும். ஆனால் மெல்லிய தாளில் எழுதியதைப் பின்பக்கமிருந்து பார்ப்பது போல, வலம் இடமாகிவிடும்.

சக்கரபாணி ஊராட்சித் தலைவர் தேவநாதனிடம் போனார்.

"அவங்கள முன்னாடி உக்கார வெச்சா எங்க ஆளுங்க எழுந்து போய்க்கினே இருப்பாங்க சார். எங்களுக்கு முடிஞ்சப்புறம் இன்னொரு ஆட்டம் போட்டுக்குங்க. அப்பவும் அவங்க அந்தப் பக்கந்தான்."

"அப்ப மைதானம் காலியாத்தானே இருக்கும்?"

"காலியாவே இருக்கட்டும்."

புரொஜக்டரை வாய்க்காலுக்கு அப்பால் வைக்கலாமா என்றார் சக்கரபாணி. "ஒயரு எட்டாது, வேனும் தாண்டாது" என்ற ராயப்பன், கொஞ்சம் யோசித்துவிட்டு முடிவெட்டும் கடைக்குப் போய் ஒரு கண்ணாடி வாங்கிவந்தார்.

சாயங்காலம் சோதித்தார்கள். வாய்க்காலுக்கு அப்பால் அம்மணியோடு சக்கரபாணியும் உட்கார்ந்தார். தாய் வலக்கையால் ஊட்டினாள்.

"சோத்துக்கைதான்" என்று ஒத்துக்கொண்டாள் அம்மணி. பிறகு, "அப்ப இதுக்கு முந்தி காட்டினதெல்லாம் சாமி?"

சக்கரபாணி தாள்களை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அறிக்கையில், 'இதர குறிப்புகள்' என்ற சின்ன இடத்தில், பொடி எழுத்தில் எழுதினார்:

'சேரிக்குத் தனியாக இரண்டாவது ஆட்டம் போட வேண்டும். புரொஜக்டரைப் பக்கவாட்டில் திருப்பி, அதன் எதிரே ஒரு கண்ணாடியைச் சாய்வாக நிறுத்த வேண்டும். கண்ணாடி படத்தை ஒருமுறை திருப்பும், துணி மறுமுறை திருப்பும். பின்னால் இருப்பவர்களுக்கு வலக்கை வலக்கையாகவே தெரியும். முன்னால் யாரும் உட்கார வேண்டியதில்லை.'