தப்பான பெட்டியில் ஒரு டிக்

இருபத்திரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம். அத்தனை நேரமாகத் தான் போராடுவதாக டோர்கெல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் ஒன்பது மணி நேரம் தூங்கியதையும் அதில் சேர்த்திருந்தான். அவனோடு அதே விடுதியில் தங்கியிருந்த தூவா அதைத் திருத்தவில்லை.

உமேயோ நகரில் அந்த மாணவர் விடுதியின் மூன்றாம் மாடிச் சமையலறை அது. மேசையில் பழைய வீடியோ விளையாட்டுக் கருவி, பக்கத்தில் டோர்கெலின் மடிக்கணினி, இரண்டுக்கும் நடுவே ஒரு கேபிள். விடுதியின் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு ஒரு பக்கத்தைத் திறக்கும். அந்தக் கருவிக்கு அப்படி ஒரு பக்கத்தைக் காட்டத் தெரியாது. அதனால் மடிக்கணினி வைஃபைக்குள் நுழைந்து, தனக்கு வருகிற இணையத்தைக் கேபிள் வழியாகக் கருவிக்குக் கொடுக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

ஐந்து மணிக்கு நான்காம் மாடியோடு, இந்தக் கருவியில், இணையம் வழியாகக் கால்பந்து ஆட்டம். தோற்கிற மாடி வசந்தம் வரை இரண்டு சமையலறைகளையும் துடைக்க வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் அணிப் பட்டியல் ஒட்டியிருந்தது. மூன்றாவது பெயர் தூவா. விடுதிக்கு வந்த ஒன்றரை வருடத்தில், துப்புரவு முறைப் பட்டியலைத் தவிர, அந்தக் கதவில் அவள் பெயர் ஏறியது இதுவே முதல் தடவை. பால் தேவைப்படாத போதும் இரண்டு நாளாக அவள் பால் எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

"கேபிள்தான் மட்டம்," என்றான் டோர்கெல். அது மூன்றாவது கேபிள்.

"காலையில சுவர்னு சொன்ன," என்றாள் ஹில்லெவி. அவள்தான் அணித்தலைவி, இலவங்கப்பட்டை ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"சுவரும்தான். பனி வேற."

"டேய், போன வாரமும் பனிதானேடா பெஞ்சுது? அப்ப உன் படம் நிக்காம ஓடுச்சே."

"அது வேற பனி."

தூவா காப்பிக் கோப்பைக்குள் பார்த்தாள். தான் இயற்பியல் படித்தவள் என்பதால் இந்தப் புதிய பனியைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமா என்று தோன்றியது. கேட்கவில்லை. போன இலையுதிர் காலத்தில் உருளைக்கிழங்குக்கு உப்புப் போட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்று இவன் அடித்துச் சொன்னபோது, இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். கிறிஸ்துமஸ் வரை அவளை "பேராசிரியரே" என்றுதான் கூப்பிட்டான்.

நேற்று ஆறேகாலுக்கே அவன் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்து, எது தப்பு என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். வாயால் சொல்லப் பயந்து, இரண்டு வரி எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். அங்கேதான் அவள் கணக்குத் தப்பியது. அந்தக் கதவில் ஒட்டும் காகிதத்துக்கு ஒரே அர்த்தம்தான்: என் பாலைக் குடித்தது யார், தொட்டியில் கிடக்கும் முடி யாருடையது, கீழே ஒரு சிரித்த முகம். அவற்றை யாரும் படிப்பதில்லை. எழுதுகிறவர்கள்கூட அடுத்தவருடையதைப் படிப்பதில்லை.

டோர்கெலும் படிக்கவில்லை. "மறுபடி யாரு பாலோ போச்சு," என்று பிய்த்து, நாலாக மடித்து, துளையில் தளர்ந்து ஆடிய கேபிள் முனைக்கு அடைப்பாகச் செருகினான். விடை இன்னும் அங்கேயே இருந்தது, அவன் விரலுக்கு அரை அங்குலம் தள்ளி.

நாலே முக்கால். டோர்கெல் நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

"கருவி செத்துப்போச்சு. நான் பாக்காத வழி இல்ல. விலகிக்கிறோம்னு மேல சொல்லிடறேன்."

"நெஜமாவா?"

"இதுக்கு மேல யாராலயும் முடியாது, ஹில்லெவி. எனக்கே முடியலன்னா பாத்துக்கோ."

அவன் கைபேசியை எடுத்தான். ஹில்லெவி பெருமூச்சு விட்டு எழுந்துபோய், பட்டியலின் ஒரு மூலையில் நகத்தை விட்டாள். ஒட்டுநாடா கிர்ரென்று பிரிந்தது.

"கிழிக்காத."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். குரல் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கு உடனே புரியவில்லை.

"என்ன பேராசிரியரே?" என்றான் டோர்கெல்.

தூவாவின் காது மடல்கள் எரிந்தன. கோப்பையை மேசையில் வைத்தாள்.

"பனி இல்ல, சுவர் இல்ல, கேபிளும் இல்ல. இணையம் வர்றது வைஃபைல. மடிக்கணினில 'பகிர்'ங்கற டிக்க வைஃபை பெட்டிலதான் போடணும். நீ கேபிள் பெட்டில போட்டிருக்க, டோர்கெல். நேத்து ஆறேகால்லேருந்து."