சொல்லி வைத்த கார்புரேட்டர்

நேசையனிடம் ஒரு நட்டு வாங்கி வருவதற்குள் மனுஷனுக்குத் தலை நரைத்துவிடும். பள்ளிச்சல் தாண்டி, நாகர்கோவில் போகிற ரோட்டோரம், ஒன்றரை ஏக்கர் நிலத்தில் செத்த வண்டிகளைக் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அந்த மகானுபாவரைத்தான் சொல்கிறேன். ஊரெல்லாம் அதை ஆக்ரிக்கடை, அதாவது குப்பை இரும்புக்கடை, என்றுதான் சொல்லும். அவர் காதுபட அப்படிச் சொன்னவன் சாமானோடு வெளியே வந்தது கிடையாது. மழை பெய்தால் இரும்பைத் தொடமாட்டார். பேரம் பேச வாயெடுத்தால் கேட்டைக் காட்டுவார். உள்ளே கால் வைக்கிற யாரானாலும் வண்டியின் பேரையும் வண்டிக்காரர் பேரையும் முதலில் சொல்லியாக வேண்டும். யாராவது ஒரு சாமானைச் சொல்லி வைத்துவிட்டுப் போனால், அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டித் தொங்கவிட்டுவிடுவார். அப்புறம் ராஜாவே வந்து நின்றாலும் அது வேறு பேருக்குப் போகாது.

அப்பேர்ப்பட்ட ஆளிடம்தான் வலியசாலை பாகீரதி போக வேண்டியதாயிற்று. அறுபத்தொரு வயது வரைக்கும் ஒரு ஸ்பானரைக் கையால் தொட்டிராத பெண்பிள்ளை அவள். என்ன செய்வது? கணவர் நாகேஸ்வரன் வயிற்றில் கட்டியோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து கிடந்தார். இனி அங்கே வைத்துச் செய்ய ஒன்றுமில்லை, ஒரு மாதம் தாண்டினால் பெரிய விஷயம் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

நாகேஸ்வரனிடம் ஒரு கார் இருந்தது. இருந்தது என்றால், கரமனையில் ஜெயனுடைய வொர்க்‌ஷாப்பில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. அறுபத்தாறாம் வருஷத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால், தலைமைச் செயலகத்தில் வேலையாக இருந்தபோதே, ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டுக் கொட்டகையிலிருந்து அதைக் கட்டி இழுத்து வந்தார். அன்றிலிருந்து சனிக்கிழமை பிறந்தால் காலை ஆறு மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பிவிடுவார். மார்த்தாண்டம், நாகர்கோவில், கொல்லம் என்று சாமான் தேடி அலைந்துவிட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவார். நாலு வருஷத்தில் எஞ்சின், கியர்பாக்ஸ், கண்ணாடி எல்லாம் சேர்ந்துவிட்டது. கார்புரேட்டர் ஒன்று மட்டும் ஒன்பது வருஷமாகக் கிடைக்கவில்லை. "இது ஒண்ணு கெடைச்சா முடிஞ்சுது பாகீ" என்று சனிக்கிழமை தவறாமல் சொல்லிக்கொண்டே படுக்கப் போவார்.

மாருதி கார்புரேட்டரை வைத்து ஓட்டிவிடலாம் என்று ஜெயன் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நேசையன்கிட்ட உண்டாகும் மாமி. சார்கிட்ட பத்து தடவை சொல்லியாச்சு. அங்க இல்லேன்னே சார் சொல்லிட்டார். நீங்க ஒரு தடவை போய்க் கேட்டுப் பாருங்கோ" என்று பாகீரதியிடம் வழி சொன்னதும் அவன்தான்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. அந்த வண்டி ஒரு தடவை ஓட வேண்டும். அதில் அவரைத் தூக்கி உட்கார வைத்து, பொன்முடி மலை கிடக்கட்டும், பக்கத்துக் கிழக்கேகோட்டை வரைக்குமாவது போய் வந்துவிட வேண்டும். மனுஷர் இந்த ஒன்றைத் தவிர வாழ்க்கையில் எதற்கும் ஆசைப்பட்டதில்லை. அதுவும் நடக்காமல் அனுப்பி வைத்தால் தன் கட்டை வேகாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

முதல் தடவை போனபோது ஜூன் மாத மழை. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வருகிற எலிசாளிடம் அவருக்கு இட்லி கொடுக்கச் சொல்லிவிட்டு, பஸ் பிடித்துப் போய், சேறு தெறித்த புடவையோடு தகரக் கொட்டகைக்குள் நுழைந்தாள். நேசையன் பெஞ்சில் உட்கார்ந்து கறுப்புக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். பனைமரம் மாதிரி நெடிய ஆள், கழுத்தில் ஒரு துண்டு.

"வண்டி என்னது?"

"ஹெரால்ட். கார்புரேட்டர் வேணும்."

"வண்டிக்காரருக்க பேரு?"

பாகீரதிக்கு நாக்கு எழவில்லை. முப்பத்தாறு வருஷமாக அவள் அந்தப் பேரை வாயால் சொன்னதே கிடையாது. ஆஸ்பத்திரியில்கூட எழுதித்தான் கொடுத்தாள். "எங்காத்துக்காரர்தான்" என்றாள்.

"எல்லா வீட்டிலயும் ஆத்துக்காரரு உண்டும்லாம்மா. பேரச் சொல்லுங்க."

"பாகீரதின்னு வெச்சுக்கோங்கோ. நான்தானே வாங்க வந்திருக்கேன்."

நேசையன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். போகிறது என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. "செரி. மழை தோந்து வாங்க. மழையத்து நான் இரும்பத் தொடமாட்டேன்."

மழை விடும் என்று மூன்று மணி நேரம் காத்திருந்தாள். விடுமா? சாயங்காலம் ஈரப் புடவையோடு வீடு திரும்பினாள். நாகேஸ்வரன் கண் திறந்து, "கெடைச்சுதா?" என்றார். இல்லை என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பாவம், எவ்வளவு ஏமாற்றமோ என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் ஒன்பது நாள் வானம் வெளுக்கவே இல்லை. தினமும் காலையில் எழுந்து வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்து மனசாரத் திட்டினாள். அந்த ஒன்பது நாளில் அவர் இட்லியிலிருந்து கஞ்சிக்கும் கஞ்சியிலிருந்து வெறும் தண்ணீருக்கும் வந்துவிட்டார்.

பத்தாம் நாள் வெயில் அடித்தது. ஓடினாள். அன்றைக்கு மழை இருட்டில் கண்ணில் படாத கொட்டகை உத்தரத்தை நிமிர்ந்து பார்த்தால், அங்கே தொங்குகிறது கார்புரேட்டர்! ஜெயன் போனில் அனுப்பியிருந்த படத்தில் இருந்த அதே சாமான், துடைத்து எண்ணெய் போட்டு. கழுத்தில் ஒரு சிவப்புத் துணி.

"அது சொல்லி வச்ச சாமானாக்கும்" என்றார் நேசையன்.

"யாரு சொல்லி வெச்சது?"

"அத நான் சொல்லமாட்டேன். எந்தப் பேருக்குக் கெட்டினேனோ அந்தப் பேருக்குத்தான் அவுப்பேன். கொச்சியில இருந்து ஒருத்தன் நாலு வட்டம் வந்தான், அவனுக்கும் குடுக்கல்ல."

அவள் கெஞ்சினாள். கணவர் கிடக்கிற கிடையைச் சொன்னாள். சொல்லி வைத்தவர் எவ்வளவு காலமாக வரவில்லை என்று கேட்டாள். நாலு மாதமாயிற்று என்றார். "அப்போ அவருக்கு வேண்டாம்னுதானே அர்த்தம்? வேணும்னா வராம இருப்பாரா?" என்று சண்டைக்கே போனாள்.

"வேணுமா வேண்டாமாண்ணு அவரு வந்து சொல்லட்டும். வாக்கு வாக்குதான்."

"உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கெடையாதா? அங்க ஒரு உசிரு போயிண்டிருக்கு. நீங்க இந்த ஆக்ரியைக் கட்டிண்டு அழறேள்!"

போச்சு. வாயில் வரக்கூடாத வார்த்தை வந்துவிட்டது. நேசையன் எழுந்து போய்க் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் ஸ்டாப்பில் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்கள் மலையாளத்தில் என்னவோ கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள்.

அதற்கும் பத்து நாள் கழித்து மூன்றாவது தடவை போனபோது அவளிடம் வெட்கமும் மிச்சமில்லை, கோபமும் மிச்சமில்லை. முந்தின நாள் ராத்திரி முழுக்க நாகேஸ்வரனுக்கு நெஞ்சு இழுத்தது. காலையில் சற்றுத் தெளிந்தது. விளக்கு அணைகிறதற்கு முந்தின தெளிவுதான் என்று எலிசாள் கண்ணாலேயே சொன்னாள். பாகீரதி குளிக்காமல்கூடக் கிளம்பிவிட்டாள். கொட்டகையில் நேராகப் போய், "மன்னிச்சுக்கோங்கோ. தப்பாப் பேசிட்டேன்" என்று நின்றாள். அவளைப் பார்த்ததும் நேசையன் கேட்டுக்குப் போகவில்லை. பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார்.

"மோசமா இருக்காரா?"

"இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு."

நேசையன் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "சாமான் தர ஒக்காது எம்மா. அதுக்கு எனக்கக் கையில வழியில்ல. ஆனா ஜெபத்துல வைக்கேன். பேரு சொல்லுங்க. ஆண்டவருகிட்டப் போயி ஆத்துக்காரருண்ணு சொல்லி ஜெபிக்க ஒக்குமா?"

போகிற உயிருக்கு இனிமேல் பேரைச் சொல்லி ஆயுசு குறையப்போகிறதா என்ன?

"நாகேஸ்வரன்" என்றாள். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

நேசையன் ஜெபிக்கவில்லை. வாயைத் திறந்தவர் திறந்தபடியே இருந்தார். "செக்ரட்டேரியட்டில இருந்த நாகேஸ்வரன் சாரா?"

"ஆமா."

அவர் எழுந்துபோய் ஸ்டூலைப் போட்டு ஏறி, உத்தரத்திலிருந்து கார்புரேட்டரை இறக்கிக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். "இது சாருக்குக் கெட்டி வச்சதாக்கும்மா. ஒம்பது வருசமாச்சு. முன்னமே பேரச் சொல்லப்பிடாதா நீங்க?"

பேரைச் சொல்லியிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்குமே, பாவி நான், மூன்று வாரத்தை முழுங்கிவிட்டேனே என்று பாகீரதி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அப்புறம்தான் மற்றது மெதுவாகப் புத்தியில் ஏறியது. ஒன்பது வருஷம் என்கிறாரே.

"இது இங்க இருக்குன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாம பின்னே? கெட்டி வைக்கச் சொன்னதே சாருல்லா. சனிக்கிழமை தவறாம வருவாரு. அதா, அந்தப் பச்ச வண்டிக்க சீட்டில இருந்து பேப்பர் படிப்பாரு. செல நாளு ஒரு வார்த்த பேசமாட்டாரு. வைகுந்நேரம் வெளக்கு வைக்கும்ப கையில கொஞ்சம் கிரீஸத் தேச்சுட்டு எந்திச்சுப் போவாரு. 'கொண்டு போவும் சாரே, துருவேறுது'ண்ணு நான் எத்தன வட்டம் சொல்லியாச்சு! 'கெடக்கட்டும் நேசையா, இதயும் கொண்டுபோனா வண்டி முடிஞ்சு போவும். பொறவு சனிக்கிழமை நான் எங்க போவேன்?'ண்ணு கேப்பாரு."

மார்த்தாண்டமும் இல்லை, கொல்லமும் இல்லை. பாகீரதி அந்தப் பச்சை வண்டியைப் பார்த்தாள். அதுவும் ஒரு ஹெரால்ட்தான். சக்கரம் இல்லாமல் செங்கல் மேல் நின்றது. டிரைவர் சீட்டின் ரெக்ஸின் ஒரு ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்திருந்தது.

"ஆத்துல என்ன குறைன்னு சொன்னார்?" என்று கேட்டாள்.

நேசையன் சங்கடத்தோடு கழுத்தைச் சொறிந்தார். "கொறையா? ஒண்ணும் சொன்னதில்ல. சத்தியமாச் சொல்லுதேன், சாருக்குக் குடும்பம் உண்டும்ணே எனக்குத் தெரியாது. ஒத்த ஆளாக்கும்ணு நெனச்சேன். கொண்டாற சாப்பாட்டில பாதி எனக்குத் தருவாரு. ஓட்டல்ல வாங்குறதாக்கும்ணு நெனச்சிட்டு இருந்தேன்."

என்னைப் பற்றிக் குறை சொல்லியிருந்தால்கூடத் தேவலையே என்று பாகீரதிக்குத் தோன்றியது. திட்டியிருந்தால், ராட்சசி என்று சொல்லியிருந்தால், மனசில் ஓர் ஓரத்திலாவது இருந்திருக்கிறோம் என்று ஆகும். ஒன்றுமே சொல்லவில்லையாம்! முப்பத்தாறு வருஷம் விடியற்காலையில் எழுந்து வடித்துக் கொட்டியிருக்கிறாள். ஒரு நாள் சண்டை கிடையாது. சண்டை இல்லாததைத்தான் அவள் இத்தனை நாள் சந்தோஷம் என்று நம்பிக்கொண்டிருந்தாள். அவமானமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. சாகக் கிடக்கிறவர்மேல் கோபப்படுகிறோமே என்று அதற்கும் சேர்த்து அழுகை வந்தது. நேசையன் காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார். எழுந்து நடந்தபோது பின்னாலேயே கேட் வரைக்கும் வந்து, மழை தூறுகிறது என்று தன் துண்டை எடுத்து அந்தச் சாமானைச் சுற்றிக் கொடுத்தார்.

திரும்புகிற பஸ்ஸில் கரமனை ஸ்டாப் வந்தது. ஜெயனிடம் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் மாட்டிவிடுவான். ராத்திரிக்குள் வண்டி வாசலில் வந்து நிற்கும். பாகீரதி இறங்கவில்லை. பஸ் நகர்ந்தது.

வீட்டில் நாகேஸ்வரன் விழித்திருந்தார். எலிசாள் முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்த்து வைத்திருந்தாள். பாகீரதி கார்புரேட்டர் இருந்த பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கெடைச்சுதா?"

அவள் அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தாள். இத்தனை நாள் இப்படிப் பார்க்கவில்லையே என்று இருந்தது. கண்ணில் ஆசை இல்லை. பயம்தான் இருந்தது.

"இல்லை" என்றாள். "எங்கேயும் கெடைக்கலை."

நெற்றியில் இருந்த சுருக்கம் அவள் கண்ணெதிரிலேயே இளகியது. மூச்சு நீளமாக வந்தது. "சாரமில்லை பாகீ, போனாப் போறது" என்றார். "கொஞ்சம் உடம்பு தேறட்டும். சனிக்கிழமை நானே போய்ப் பாக்கறேன்."

பாகீரதி அவருடைய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். எலும்பும் தோலுமாக, கனமே இல்லாத கை. கேட்காமல் விட்டுவிடத்தான் நினைத்தாள். முடியவில்லை.

"நானும் வரட்டுமா உங்களோட? இந்த ஒரு சனிக்கிழமை மட்டும்."

அவர் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை, வெறுப்பில்லை, எப்போதும் போல மரியாதையான பார்வை.

"அங்கெல்லாம் ஒரே அழுக்கு" என்றார் மெல்ல. "உனக்கெதுக்கு வீண் சிரமம்?"

"சரி" என்றாள் பாகீரதி. போர்வையை அவர் கழுத்து வரை இழுத்துவிட்டாள்.